முதல் வீடும் அரசின் சலுகைகளும்: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். இவ்விரண்டில் கல்யாணச் செலவு சில நாட்களில் முடிந்துவிடும். வீட்டுக்காக வாங்கும் கடனோ இருபது ஆண்டுகள் நம்முடன் வாழும். ஆகவே முதல் வீடு வாங்கும் குடும்பத்துக்கு அரசு எந்தெந்த வகையில் கைகொடுக்கிறது என்பதை அறிந்து வைத்திருப்பது அவசியம். எந்த இடத்தில் அந்தக் கை நமக்கு எட்டாது என்பதை அறிவது அதைவிட அவசியம்.

வீட்டுக் கடன் விண்ணப்பத்துடன் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களில் பலர் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கின்றனர்: "கடன் வாங்கினால் வரி மிச்சமாகுமே, அதை நம்பிக் கொஞ்சம் பெரிய வீடாகவே பார்க்கலாமா?" பத்து ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் "ஆம்" என்று பதில் சொல்ல முடிந்தது. இன்று அவ்வாறு சொல்லிவிட முடியாது. வரிவிதிப்பு முறை மாறிவிட்டது. சில சலுகைகளின் காலம் முடிந்துவிட்டது. புதிய மானியம் ஒன்று வந்திருக்கிறது. பழைய கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு புதிய வீட்டுக்குக் கையெழுத்திடுவது குடும்பத்தின் மாத வரவு செலவையே தடுமாறச் செய்துவிடும்.

இக்கட்டுரை 2025-26 நிதியாண்டின் விதிகளை அடிப்படையாகக் கொண்டது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. வாசகர்களுக்குப் பழக்கமான பழைய எண்களையே இங்கே பயன்படுத்துகிறேன்.

பழைய முறையில் உள்ள கழிவுகள்

வீட்டுக் கடனுக்கான வரிச்சலுகை என்று பொதுவாகப் பேசப்படுவது இரண்டு கழிவுகளைத்தான்.

முதலாவது, பிரிவு 24(பி). நாம் குடியிருக்கும் வீட்டுக்காக வாங்கிய கடனுக்குச் செலுத்தும் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து 5 ஆண்டுகளுக்குள் வீடு கட்டி முடிக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் கெடு தவறினால் 2 லட்சம் என்ற வரம்பு 30,000 ரூபாயாகச் சுருங்கிவிடும். கட்டுமானம் நடைபெறும் காலத்தில் செலுத்திய வட்டியை, வீடு முடிந்த ஆண்டிலிருந்து ஐந்து சம பங்குகளாகக் கோரலாம். ஆயினும் அதுவும் அதே 2 லட்சம் வரம்புக்குள் அடங்க வேண்டும்.

இரண்டாவது, பிரிவு 80சி. திருப்பிச் செலுத்தும் அசல், முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் ஆகியவற்றை இதன்கீழ்க் கோரலாம். மொத்த வரம்பு 1.50 லட்சம். வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம், குழந்தைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் இதே வரம்பைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மாதச் சம்பளக்காரர் பலருக்கு வருங்கால வைப்பு நிதியிலேயே பெரும்பகுதி நிரம்பிவிடுவதால், அசலுக்கென்று மிஞ்சும் இடம் குறைவு. வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து 5 ஆண்டுகளுக்குள் அதை விற்றுவிட்டால், 80சி பிரிவின்கீழ் வீட்டுக்காக முன்பு பெற்ற கழிவுகள் விற்ற ஆண்டின் வருமானத்தோடு சேர்க்கப்படும்.

இவற்றோடு முதல் வீடு வாங்குவோருக்கென்றே இரண்டு கூடுதல் கழிவுகள் இருந்தன. 80இஇ பிரிவின்படி, 2016 ஏப்ரல் 1 முதல் 2017 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு 50,000 ரூபாய் வரை கூடுதல் வட்டிக் கழிவு கிடைத்தது. 80இஇஏ பிரிவின்படி, 2019 ஏப்ரல் 1 முதல் 2022 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு 1.50 லட்சம் வரை கிடைத்தது. இதற்கு வீட்டின் முத்திரைத் தீர்வை மதிப்பு 45 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் காலத்தில் கடன் பெற்றவர்கள் கடன் முடியும்வரை, பழைய முறையில் இருக்கும் ஆண்டுகளில், இவற்றைத் தொடர்ந்து கோரலாம். இன்று புதிதாகக் கடன் வாங்குபவருக்கு இவ்விரண்டும் கிடையாது. "முதல் வீட்டுக்கு மூன்றரை லட்சம் வட்டிக் கழிவு" என்று யாரேனும் சொன்னால், அது முடிந்துபோன கதை என்று கொள்ளவும்.

புதிய முறையில் என்ன மிஞ்சுகிறது?

2023-24 நிதியாண்டு முதல் புதிய வரிவிதிப்பு முறையே இயல்பான முறை. நாமாகப் பழைய முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறையில்தான் வரி கணக்கிடப்படும். புதிய முறையில் 80சி கழிவு இல்லை. நாம் குடியிருக்கும் வீட்டுக்கான வட்டிக் கழிவும் இல்லை. வாடகைக்கு விட்ட வீடாக இருந்தால் வாடகை வருமானத்துக்கு எதிராக வட்டியைக் கழிக்கலாம். வட்டி அதிகமாகி நட்டம் ஏற்பட்டால் அதைச் சம்பள வருமானத்தில் ஈடுகட்ட முடியாது.

இதற்கு மாற்றாகப் புதிய முறையில் வரி விகிதங்கள் குறைக்கப்பட்டுள்ளன. 2025-26 நிதியாண்டில் 12 லட்சம் ரூபாய் வரை வரிக்குரிய வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி வழியாக வரி ஏதுமில்லை. மூலதன ஆதாயம் போன்ற தனி விகித வருமானத்துக்கு இத்தள்ளுபடி பொருந்தாது. மாதச் சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் சேர்வதால், 12.75 லட்சம் வரை ஆண்டுச் சம்பளம் பெறுபவர் வரி கட்ட வேண்டியதில்லை. வரியே இல்லாதவருக்கு வரிக்கழிவால் என்ன பயன்? வீட்டுக் கடன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருடைய வரி பூஜ்யமே.

சரி, அதற்கு மேல் சம்பாதிப்பவருக்கு? ஆண்டுச் சம்பளம் 15 லட்சம் ரூபாய் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் அவர் நிலையான கழிவு 50,000, வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், 80சி 1.50 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000 என மொத்தம் 4.25 லட்சம் கழிக்கிறார். வரிக்குரிய வருமானம் 10.75 லட்சம். வரி 1,35,000, நான்கு சதவீதக் கூடுதல் தீர்வையுடன் 1,40,400 ரூபாய்.

அதே நபர் புதிய முறையில் 75,000 மட்டும் கழிக்கிறார். வரிக்குரிய வருமானம் 14.25 லட்சம். வரி 93,750, கூடுதல் தீர்வையுடன் 97,500 ரூபாய்.

வீட்டுக் கடனுக்கான கழிவுகளை முழு அளவில் பயன்படுத்திய பிறகும் பழைய முறையில் அவர் 42,900 ரூபாய் அதிகமாகக் கட்ட நேரிடுகிறது. இந்தச் சம்பளத்தில் இரு முறைகளும் சமமாக வேண்டுமானால், நிலையான கழிவையும் சேர்த்து ஏறத்தாழ 5.94 லட்சம் ரூபாய் கழிவு தேவை. வீட்டுக் கடனால் மட்டும் அந்த அளவை எட்ட முடியாது.

எட்டக்கூடியவர்களும் இருக்கிறார்கள். 80இஇஏ காலத்தில் கடன் பெற்று, வட்டியை முழு வரம்புக்குக் கோரத் தகுதி உள்ளவர். அத்துடன் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் 50,000 ரூபாய் கூடுதலாகச் செலுத்துபவர். மேற்கண்ட எடுத்துக்காட்டில் இவ்விரண்டும் சேர்ந்தால் மொத்தக் கழிவு 6.25 லட்சமாகி, பழைய முறையில் வரி 91,000 ரூபாயாக இறங்குகிறது. மிச்சம் 6,500 ரூபாய். இன்னொரு வகையினர், சொந்த வீடு ஓரூரிலும் வேலை வேறோரூரிலும் அமைந்து, வாடகை வீட்டில் தங்கி வீட்டு வாடகைப் படிக்கான விலக்கையும் வட்டிக் கழிவையும் ஒருசேரக் கோருபவர்கள். இவர்கள் இரு முறைகளிலும் கணக்கிட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர், உரிய கெடுவுக்குள் கணக்கு தாக்கல் செய்யும்போது ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம். வணிகர்களுக்கும் தொழில் செய்வோருக்கும் அந்தச் சுதந்திரம் இல்லை. புதிய முறையை விட்டு வெளியேறியவர் ஒரே ஒரு முறைதான் அதற்குத் திரும்ப முடியும். அவர்கள் ஒரு ஆண்டின் மிச்சத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது.

வட்டி மானியம் யாருக்கு?

வரிச்சலுகை எட்டாத குடும்பங்களுக்கு நேரடியாக உதவுவது பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு. 2015 ஜூன் 25 அன்று தொடங்கிய முதல் கட்டத்தில் இருந்த வட்டி மானியம் 2022 மார்ச் 31 உடன் முற்றிலும் முடிவடைந்தது. அதன் தொடர்ச்சியாக 2024 செப்டம்பர் 1 முதல் இரண்டாம் கட்டம் நடைமுறையில் உள்ளது. ஐந்து ஆண்டுகளில் 1 கோடி நகர்ப்புறக் குடும்பங்களுக்கு உதவுவது இதன் இலக்கு. இதன் நான்கு பிரிவுகளில் ஒன்று வட்டி மானியத் திட்டம்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 9 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் ஆகியோர் சேர்ந்தது ஒரு குடும்பம். அவர்களில் எவர் பெயரிலும் இந்தியாவின் எந்தப் பகுதியிலும் கான்கிரீட் வீடு போன்ற நிலையான வீடு இருக்கக் கூடாது. கடந்த 20 ஆண்டுகளில் அரசின் வேறு வீட்டுத் திட்டம் எதிலும் பயன்பெற்றிருக்கக் கூடாது. வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும், கடன் 25 லட்சத்துக்குள்ளும், கார்ப்பெட் ஏரியா எனப்படும் உட்பரப்பு 120 சதுர மீட்டருக்குள்ளும் அமைய வேண்டும். கடன் 2024 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ அனுமதிக்கப்பட்டு வழங்கப்பட்டிருக்க வேண்டும்.

தகுதி பெற்றால், கடனின் முதல் 8 லட்சத்துக்கு, 12 ஆண்டுகள் வரையிலான காலத்துக்கு, 4 சதவீத வட்டி மானியம் கிடைக்கும். அதிகபட்சத் தொகை 1.80 லட்சம். முழுத் தொகையும் ஒரே நாளில் வராது. ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில் வரவு வைக்கப்படும்.

பலர் கவனிக்காத நிபந்தனை ஒன்று இங்கே உண்டு. ஒவ்வொரு தவணை மானியமும் வரும் வேளையில் கடன் கணக்கு வாராக்கடனாகாமல் நல்ல நிலையில் இருக்க வேண்டும். அசலில் பாதிக்கு மேல் நிலுவையிலும் இருக்க வேண்டும். கையில் பணம் கிடைத்ததும் கடனை அடைத்துவிடத் துடிப்பது நம் மக்களின் நல்ல பழக்கம். ஆனால் 7 ஆண்டுக் காலத்துக்கு வாங்கிய கடனில் 8 சதவீத வட்டி என்று கொண்டால், முன்கூட்டி ஏதும் செலுத்தாமலே நான்கு ஆண்டுகளில் அசல் பாதிக்குக் கீழே போய்விடும். கடைசித் தவணை மானியம் கைநழுவிப் போகலாம். தகுதியுள்ளவர்கள் கடனின் காலத்தையும் முன்கூட்டிச் செலுத்தும் தொகையையும் இதை மனத்தில் கொண்டு அமைத்துக்கொள்வது நல்லது.

இப்போது முழுப் படத்தையும் பார்க்கலாம். குடும்ப வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்தால் மானியம் உண்டு. 12.75 லட்சத்துக்கு மேல் தனிநபர் சம்பளம் இருந்தால், சில சூழ்நிலைகளில் பழைய முறையின் கழிவு பயன்படக்கூடும். இடையில் இருப்பவர்களுக்கு இரண்டும் இல்லை. கணவனும் மனைவியும் தலைக்கு 7 லட்சம் சம்பாதிக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். குடும்ப வருமானம் 14 லட்சம் என்பதால் மானியத்துக்குத் தகுதியில்லை. தனித்தனியே இருவருக்கும் வரியில்லை என்பதால் கழிவும் பயனில்லை. இன்று நகரங்களில் முதல் வீடு தேடும் குடும்பங்களில் இத்தகையோர் ஏராளம். "அரசு சலுகை தரும்" என்ற நம்பிக்கையில் தங்கள் சக்திக்கு மீறிய வீட்டை இவர்கள் பார்க்கத் தொடங்குவதுதான் ஆபத்து.

எல்லோருக்கும் எட்டும் சிக்கனங்கள்

வருமான வரிக்கு வெளியே, எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் கிடைக்கக்கூடிய சிக்கனங்கள் சில உள்ளன.

முதலாவது ஜி.எஸ்.டி. கட்டுமானத்தில் உள்ள குடியிருப்பை வாங்கினால் 5 சதவீதம் வரி. விலை 45 லட்சத்துக்குள்ளும், உட்பரப்பு பெருநகரங்களில் 60 சதுர மீட்டருக்குள், பிற இடங்களில் 90 சதுர மீட்டருக்குள் அமைந்தால், அது மலிவு விலை வீடு எனக் கருதப்பட்டு வரி 1 சதவீதம் மட்டுமே. 2019 ஏப்ரல் 1 முதல் இந்த விகிதங்கள் நடைமுறையில் உள்ளன. 45 லட்சம் விலையுள்ள தகுதியான வீட்டுக்கு வரி 45,000 ரூபாய்; 46 லட்சம் வீட்டுக்கோ 2.30 லட்சம். வாகன நிறுத்துமிடம், விருப்பமான தளத்துக்கான கட்டணம் போன்றவையும் இந்த 45 லட்சக் கணக்கில் சேரும் என்பதால், விலை பேசும்போதே மொத்தத் தொகையைக் கேட்டறிய வேண்டும். பணி நிறைவுச் சான்று பெற்ற பிறகு விற்கப்படும் வீட்டுக்கும், மறுவிற்பனை வீட்டுக்கும் ஜி.எஸ்.டி. இல்லை.

இரண்டாவது முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும். இவை மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். பெண்கள் பெயரில் வாங்கினால் டெல்லியிலும் மகாராஷ்டிரத்திலும் முத்திரைத் தீர்வை குறைவு. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்புக்கு உட்பட்ட சொத்துகளைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. வாசகர்கள் எந்த மாநிலத்தில் வாங்குகிறார்களோ அந்த மாநிலப் பதிவுத் துறையின் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, மாறும் வட்டி விகிதத்தில் தனிநபர் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் இல்லை. ரிசர்வ் வங்கி 2012ஆம் ஆண்டே இதைத் தடை செய்துவிட்டது. 25 லட்சம் ரூபாய் கடன், 20 ஆண்டு, 8 சதவீத வட்டி என்று கொண்டால் மாதத் தவணை சுமார் 20,900 ரூபாய். முதல் ஆண்டில் செலுத்தும் ஏறத்தாழ 2.51 லட்சத்தில் 1.98 லட்சம் வட்டிக்கே போகிறது. இருபது ஆண்டுகளில் மொத்த வட்டி 25 லட்சத்தைத் தாண்டும். ஆகவே தொடக்க ஆண்டுகளில் அசலில் செலுத்தும் ஒவ்வொரு கூடுதல் ரூபாயும் பல ஆண்டு வட்டியைக் குறைக்கிறது. மானியத்துக்குத் தகுதியில்லாத குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய சலுகை வேறில்லை.

முன்பணத்துக்கான சேமிப்பு

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்தின் மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதமும், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் மட்டுமே வங்கிகள் கடன் வழங்கலாம். வீட்டின் விலை 10 லட்சத்தைத் தாண்டினால், முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் இந்த மதிப்பில் சேர்க்க முடியாது. 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 32 லட்சம் கடன் கிடைத்தால், 8 லட்சம் நம் கையிலிருந்து வர வேண்டும். பதிவுச் செலவு 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மேலும் 2.80 லட்சம். ஆக 10.80 லட்சம் ரொக்கம் தேவை.

நான்கு ஆண்டுகளில் இதைச் சேர்க்க, வட்டியைக் கணக்கில் கொள்ளாமலே, மாதம் 22,500 ரூபாய் ஒதுக்க வேண்டும். இத்தகைய குறுகிய கால இலக்குக்குத் தொடர் வைப்பும் நிரந்தர வைப்பும் ஏற்றவை. பங்குச் சந்தை சார்ந்த முதலீட்டை, தேதி குறித்துவிட்ட பத்திரப் பதிவுக்கு நம்பியிருப்பது உசிதமன்று.

பொது வருங்கால வைப்பு நிதி எனப்படும் பி.பி.எஃப். நீண்ட காலத்துக்கு உரியது. 15 ஆண்டு முதிர்வு கொண்ட அக்கணக்கில் ஏழாவது நிதியாண்டு முதல்தான் ஒரு பகுதியை எடுக்க முடியும். ஏற்கெனவே பல ஆண்டுகளாக அக்கணக்கை வைத்திருப்பவருக்கு அது முன்பணத்துக்குக் கைகொடுக்கும். மூன்று ஆண்டுகளில் வீடு வாங்க எண்ணுபவர் இன்று அக்கணக்கைத் தொடங்கினால் உரிய வேளையில் பணம் கைக்கு வராது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்து 3 ஆண்டுகள் கழிந்த பின், தாம் செலுத்திய பங்கில் 25 சதவீதம் வரை முதல் வீட்டுக்காக எடுக்கலாம். மத்திய அரசு ஊழியர்களுக்கு வீடு கட்டும் முன்பணமாக 34 மாத அடிப்படைச் சம்பளம் அல்லது 25 லட்சம், இவற்றில் குறைவானது கிடைக்க வழியுண்டு.

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியிலிருந்தும் வீட்டுக்காகப் பணம் எடுக்கலாம். இந்த விதிகளை எளிமையாக்கி, குறைந்தபட்சப் பணிக்காலத்தை 12 மாதமாக்கவும், 25 சதவீதத்தைக் கணக்கிலேயே இருத்தி வைக்கவும் அதன் மத்திய அறங்காவலர் குழு 2025 அக்டோபரில் முடிவெடுத்தது. ஆனால் எடுக்க முடியும் என்பதாலேயே எடுத்துவிட வேண்டியதில்லை. 2024-25 ஆண்டுக்கு அந்நிதிக்கு வழங்கப்பட்ட வட்டி 8.25 சதவீதம். வீட்டுக் கடன் வட்டியும் அதை ஒட்டியே இருக்கும்போது, அந்தப் பணத்தை எடுத்து வீட்டில் போடுவதால் வட்டியில் பெரிய ஆதாயம் ஏதுமில்லை. ஓய்வுக்காலக் கையிருப்பு மட்டும் கரையும். முன்பணத்தில் விழும் இடைவெளியை நிரப்பும் அளவுக்கு மட்டும் எடுப்பது நல்லது.

இன்னொரு வழியையும் பரிந்துரைக்கிறேன். கடன் வாங்குவதற்கு ஓராண்டு முன்பே, வரவிருக்கும் மாதத் தவணைக்கும் இப்போது செலுத்தும் வாடகைக்கும் உள்ள வேறுபாட்டைத் தொடர் வைப்பில் செலுத்தி வாருங்கள். பன்னிரண்டு மாதமும் சிரமமின்றிச் செலுத்த முடிந்தால் தவணை உங்கள் சக்திக்குள் இருக்கிறது என்று பொருள். முடியாவிட்டால், கொஞ்சம் சிறிய வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது வீடு வாங்கும் முன்பே தெரிந்துவிடும். எப்படியாயினும் சேர்ந்த பணம் முன்பணத்துக்கு உதவும்.

யார் பெயரில் என்பதே முதல் முடிவு

சலுகைகள் அனைத்தும் ஆவணத்தில் உள்ள பெயரையும் தேதியையும் பின்தொடர்பவை. மார்ச் மாதக் கடைசியில் வட்டிச் சான்றிதழ் கேட்டு வரும்போது இவற்றை மாற்ற இயலாது.

மனைவி பெயரில் கிரயம், கணவன் பெயரில் கடன் என்று அமைத்துக்கொள்ளும் குடும்பங்கள் பல. வரிக்கழிவு கோருபவர் வீட்டின் உரிமையாளராகவும் கடனுக்குப் பொறுப்பாளராகவும் இருக்க வேண்டும் என்பதே பொதுவிதி. கடன் மட்டும் தன் பெயரில் உள்ள கணவனுக்கும், வீடு மட்டும் தன் பெயரில் உள்ள மனைவிக்கும் கழிவு கிடைப்பது கடினம். இருவரும் கூட்டு உரிமையாளராகவும் கூட்டுக் கடன்தாரராகவும் இருந்தால், பழைய முறையில் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஏற்ப 2 லட்சம் வரை வட்டியையும் 80சி வரம்பையும் தனித்தனியே கோரலாம். பத்திரத்தில் ஒவ்வொருவரின் பங்கையும் எழுதிவிடுவது பின்னாளில் ஐயம் எழாமல் காக்கும்.

கட்டுமானத்தில் உள்ள வீடாயின், 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்த் திட்டம் பதிவு பெற்றுள்ளதா என்று அதன் எண்ணைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைக் கட்டுநர் தனிக் கணக்கில் வைத்து, அத்திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது இச்சட்டம் தரும் பாதுகாப்பு. ஒப்படைக்கும் தேதி தள்ளிப்போனால் வாடகையும் தவணையும் ஒன்றாகச் சுமக்க நேரிடும். ஐந்தாண்டுக் கெடுவும் நெருங்கும்.

எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் குடும்ப வருமானமும் வீட்டின் மதிப்பும் வட்டி மானிய வரம்புக்குள் வருகின்றனவா? இரு வரி முறைகளிலும் கணக்கிட்டால் எதில் வரி குறைவு? வரிச்சலுகை ஒரு ரூபாய்கூட இல்லையென்று வைத்துக்கொண்டாலும் தவணையைச் செலுத்த முடியுமா? கிரயமும் கடனும் யார் யார் பெயரில் அமைய வேண்டும்? பதிவுச் செலவும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து ரொக்கம் எவ்வளவு தேவை?

இவற்றுள் மூன்றாம் கேள்விக்கு "முடியும்" என்ற விடை வந்துவிட்டால் மற்றவை எளிது. அதன் பிறகு கிடைக்கும் மானியமோ கழிவோ கடனை விரைந்து அடைக்க உதவும் கூடுதல் வரவாக அமையும். சம்பளச் சான்று, வருமான வரிக் கணக்கு, விற்பனை ஒப்பந்தத்தின் வரைவு ஆகியவற்றுடன் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் கிளைக்கு வாருங்கள். வரைவு நிலையில் ஒரு பெயரைச் சேர்க்கவோ ஒரு தொகையைத் திருத்தவோ சில நிமிடங்கள் போதும். பத்திரம் பதிவான பிறகு அதே திருத்தத்துக்கு மீண்டும் முத்திரைத் தீர்வை கட்ட நேரிடலாம்.